லவுஞ்ச் வாசலில் யாருக்கு முதலிடம்? பிளெசான்ஸிலிருந்து ஒரு கேள்வி பதில்

மொரீஷியஸின் பிளெசான்ஸ் விமான நிலையத்தில் லவுஞ்ச் வாசல் மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். லவுஞ்ச் என்றால் விமானத்துக்குக் காத்திருப்பவர்களில் உரிமை உள்ளவர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டு ஓய்வெடுக்கும் தனி அறை. எந்தக் கம்பெனியின் சீருடையில் என்பது இங்கே வேண்டாம். இப்போது மாயேபூரில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் ஊரில் யார் பயணம் கிளம்பினாலும், சென்னையிலிருந்தோ டர்பனிலிருந்தோ சொந்தக்காரர் யார் வந்து போனாலும், என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும்: "இந்த அட்டைக்கு உள்ளே விடுவார்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் தமிழ் பள்ளியிலும் கோவிலிலும் கற்ற தமிழ், வீட்டில் கிரியோல்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லவுஞ்சுக்குள் போக யாருக்கெல்லாம் உரிமை உண்டு?

ஐந்து வகை ஆட்கள் வருவார்கள். பிசினஸ் அல்லது ஃபர்ஸ்ட் டிக்கெட் வாங்கியவர்கள். அடிக்கடி பறந்து தங்க அட்டை, பிளாட்டினம் அட்டை என்று நிலை சேர்த்தவர்கள், இவர்கள் எகானமியில் உட்கார்ந்தாலும் உரிமை உண்டு. வங்கியின் கிரெடிட் கார்டு வழியாகவோ பிரையாரிட்டி பாஸ் போன்ற சந்தா வழியாகவோ வருபவர்கள். வாசலிலேயே பணம் கட்டுபவர்கள். அப்புறம், இவர்களில் யாராவது ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வரும் விருந்தாளி.

வாசலில் நிற்கும்போது ஐவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். ஆனால் ஐவருக்கும் வாக்குக் கொடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். சண்டை வருவது அங்கேதான்.

அக்கா, பிசினஸ் டிக்கெட் வாங்கியும் "இடமில்லை, பிறகு வாருங்கள்" என்றார்கள். எப்படி?

இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். விமானக் கம்பெனி நடத்திய முதல் லவுஞ்ச் 1939இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப். அப்போது அது கம்பெனி தனக்கு வேண்டியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் இடம். கூப்பிட்டவர் யார், எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியும். பிறகு அடிக்கடி பறப்போருக்கான திட்டங்கள் வந்தன. 1992இல் பிரையாரிட்டி பாஸ் வந்தது. எந்தக் கம்பெனியில் பறந்தாலும், எந்த வகுப்பில் பறந்தாலும், சந்தா கட்டியவருக்குக் கதவு திறந்தது. அதன்பின் வங்கிகள் அந்தச் சந்தாவை மொத்தமாக வாங்கித் தங்கள் கிரெடிட் கார்டோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தன.

இப்போது சங்கிலியைப் பாருங்கள். வங்கி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கிறது. நடுவில் ஒரு பாஸ் கம்பெனி இருக்கிறது. அது லவுஞ்ச் நடத்துபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. அதே லவுஞ்சை வாடகைக்கு எடுத்திருக்கும் விமானக் கம்பெனியும் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. வங்கியில் உட்கார்ந்து கார்டு விற்பவருக்குப் பிளெசான்ஸில் எத்தனை நாற்காலி என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

எங்கள் கோவிலில் காவடிக்குப் பிறகு ஏழு கறியோடு சாப்பாடு போடுவோம். சமையல் பொறுப்பில் இருக்கும் பெரியவர் முந்தின நாளே கேட்பார்: "எத்தனை இலை?" இலை எண்ணாமல் அடுப்பு மூட்ட மாட்டார். லவுஞ்ச் விஷயத்தில் நாலு பேர் நாலு ஊரில் உட்கார்ந்து பந்திக்கு அழைப்பு அனுப்புகிறார்கள், இலை எண்ண ஒருவரும் இல்லை. கடைசியில் "இடமில்லை" என்று சொல்லும் பாவம் வாசலில் நிற்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது.

எத்தனை நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியாதா?

முடியும். ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் உட்காருகிறார் என்பதால் பெருக்கினால், உள்ளே ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வந்துவிடும்.

120 நாற்காலி உள்ள லவுஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 2 மணி நேரம் உட்காருகிறார்கள். 120. சரியாக நிறைந்துவிட்டது. இப்போது கார்டுக்காரர்கள் மணிக்கு இன்னும் 30 பேர் சேருகிறார்கள். 90 பேர், 2 மணி நேரம் என்றால் 180 நாற்காலி வேண்டும். இருப்பது 120. ஒன்று 60 நாற்காலி புதிதாகப் போட வேண்டும், அல்லது ஒவ்வொருவரும் 1 மணி 20 நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். எழுந்திருங்கள் என்று யார் போய்ச் சொல்வது? நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கையிலிருந்த ஒயின் கிளாஸை மேசையில் வைக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. முதலாவது, நாள் முழுவதற்குமான சராசரி எதற்கும் உதவாது. எங்கள் ஊரில் ஐரோப்பாவுக்குப் போகும் பெரிய விமானங்கள் பல இரவு நேரத்தில் கிளம்பும். மதியம் லவுஞ்சில் நாலு பேர், ராத்திரி எட்டு மணிக்கு நிற்க இடமில்லை. ஏர் மொரீஷியஸின் ஏ350 ஒன்றிலேயே 28 பிசினஸ் இருக்கைகள். அப்படி நாலு விமானம் இரண்டு மணி நேர இடைவெளிக்குள் அடுத்தடுத்து நின்றால், ஒரு கார்டுக்காரர்கூட வராமலே அறை கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

இரண்டாவது, தாமதம். விமானம் 3 மணி நேரம் தள்ளிப்போனால் வருபவர் எண்ணிக்கை மாறாது, உட்காரும் நேரம் மாறும். பெருக்கிப் பார்த்தால் விபரீதம் புரியும். நவம்பரிலிருந்து மே வரை எங்களுக்குப் புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது விமான நிலையத்தையே மூடினார்கள். திறந்த பிறகு வரும் கூட்டத்தை எந்த விதிமுறையாலும் அடக்க முடியாது. அந்த நாட்களுக்குத் தனி விதி வேண்டும்.

சரி, உங்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் யாரை முதலில் விடுவீர்கள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சொல்லியிருப்பேன்: முதலில் வந்தவர் முதலில், அதில் என்ன குழப்பம்? நியாயமாகத்தான் தோன்றும். "பந்திக்கு முந்து" என்று நம் ஆட்களே சொல்லி வைத்திருக்கிறார்களே. ஆனால் வருடக்கணக்காகப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. பாஸ் வைத்திருப்பவர் நாலு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார், ஏனென்றால் லவுஞ்ச் அவருக்குச் சுற்றுலாவின் ஒரு பகுதி. பிசினஸ் டிக்கெட்காரர் தனி வரிசையில் செக்கின் முடித்து ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது வருவார், ஏனென்றால் சீக்கிரம் வரத் தேவையில்லை என்பதற்கும் சேர்த்துத்தான் அவர் பணம் கட்டியிருக்கிறார். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்றால், கையில் நேரம் உள்ளவருக்கு நாற்காலி, காசு கட்டியவருக்குச் சுவர் ஓரம்.

ஆகவே என் வரிசை இது. அன்றைக்கே, அந்த விமானத்திலேயே, லவுஞ்ச் சேர்ந்த டிக்கெட் வாங்கியவர் முதலில். அவருக்கு விற்ற பொருளில் இந்த நாற்காலியும் ஒரு பகுதி. ஏமாற்றினால் அது விற்பனையில் செய்த மோசடி. நீண்ட இடைவெளியோடு விமானம் மாறுபவரையும் இவரோடு சேர்ப்பேன், அவருக்கு வெளியே போக வீடு இல்லை. அடுத்து, அந்தக் கம்பெனியிலேயே பறந்து பறந்து நிலை சேர்த்தவர். அதற்கடுத்து, அந்தக் கம்பெனியோடு கூட்டணி வைத்திருக்கும் வேறு விமானக் கம்பெனியில் நிலை சேர்த்தவர். பிறகு விமானக் கம்பெனியே வங்கியோடு சேர்ந்து விற்ற கார்டு. எல்லோருக்கும் பின்னால் பொதுப் பாஸும் வாசலில் காசு கட்டுபவரும்.

இந்த வரிசையை வாசலில் வைத்து நடத்தக் கூடாது என்பதுதான் முக்கியம். எட்டு மணிக்கு அறை நிறையும் என்பது காலையிலேயே தெரியும், பயணிகள் பட்டியல் கையில் இருக்கிறதே. காலையிலேயே கீழ்வரிசையை மூடிவிட்டு, "இன்று மாலை 6 முதல் 10 வரை பாஸ் செல்லாது" என்று செயலியிலும் வாசலிலும் போட்டுவிட வேண்டும். வீட்டில் தெரிந்துகொண்டவர் டோல் பூரி ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். வாசலில் தெரிந்துகொண்டவர் சத்தம் போடுவார். இரண்டு பேருக்கும் கிடைக்காதது ஒரே நாற்காலிதான்.

எகானமியில் போகும் தங்க அட்டைக்காரருக்கு ஏன் இத்தனை மரியாதை? பிசினஸுக்குக் காசு கொடுத்தது நான் அல்லவா?

இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேட்பார்கள்: "வருடம் முழுக்க உங்கள் கம்பெனியிலேயே பறக்கிறேன், வாழ்க்கையில் ஒரு தடவை பிசினஸ் வாங்கிய தேனிலவுத் தம்பதிக்கு என்னைவிட முன்னுரிமையா?" இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தங்க அட்டைக்காரர் வருடம் முழுக்கத் தவணை முறையில் கட்டினார், நீங்கள் ஒரே நாளில் கட்டினீர்கள். வித்தியாசம் என்னவென்றால், உங்களுக்கு அடுத்த வாய்ப்பு இல்லாமல் போகலாம், அவருக்கு அடுத்த வாரமே உண்டு. அதனால்தான் நெருக்கடியில் டிக்கெட்டை முன்னால் வைத்தேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அவரை ஒரு வருடத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், நீங்கள் எப்படியும் அடுத்த தடவை விலை பார்த்துத்தான் வாங்குவீர்கள். கம்பெனிக்கு எது நட்டம் என்று யோசித்தால் என் வரிசை தலைகீழாகக்கூட மாறலாம். இதற்கு ஒரு வழி, நாற்காலிகளில் ஒரு பங்கை நிலை உள்ளவர்களுக்கென்றே ஒதுக்கி வைப்பது. ஒதுக்கியது காலியாகக் கிடந்தால் கடைசி ஒரு மணி நேரத்தில் மற்றவருக்குத் திறக்கலாம்.

வரிசையில் யார் முன்னால் என்பது சின்ன விஷயம் என்று யாரும் எங்களிடம் சொல்ல முடியாது. 1998இல் வந்த புது மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில், மொழி வரிசையில் இரண்டாவது இருந்த தமிழை மூன்றாவது இடத்துக்குத் தள்ளினார்கள். எங்கள் மக்கள் கொதித்து எழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999இல் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். நோட்டின் மதிப்பு மாறவில்லை, எழுத்து அழியவில்லை, வரிசை மட்டும்தான் மாறியது. லவுஞ்ச் வாசலில் ஒருவர் முகம் சிவந்து நிற்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். அவருக்கு வலிப்பது காபி கிடைக்காதது அல்ல.

என்னிடம் ஸ்டார் அலையன்ஸ் கோல்டு இருக்கிறது. பிளெசான்ஸில் செல்லுமா?

ஸ்டார் அலையன்ஸ் என்பது விமானக் கம்பெனிகளின் கூட்டணி, கோல்டு அதில் மேல்நிலை அட்டை. எந்த விமானத்தில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அட்டை மட்டும் போதாது, அன்றைய விமானமும் அதே கூட்டணியில் இருக்க வேண்டும். ஏர் இந்தியா 2014இலிருந்து ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது, அதில் பறந்து பறந்து கோல்டு சேர்த்த சென்னைக்காரர்கள் நிறைய. அவர்கள் டர்கிஷ் அல்லது சவுத் ஆப்பிரிக்கன் விமானத்தில் கிளம்பினால் உரிமை உண்டு, கூட ஒரு விருந்தாளியையும் அழைத்துப் போகலாம். ஏர் மொரீஷியஸிலோ எமிரேட்ஸிலோ ஏறினால் இல்லை. இந்த இரண்டும் எந்தக் கூட்டணியிலும் சேராதவை. மற்றக் கூட்டணிகளுக்கும் இதே கதைதான்: ஒன்வேர்ல்டு கூட்டணியின் சஃபையர், எமரால்டு அட்டை வைத்திருப்பவர் பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஏற வேண்டும், ஸ்கைடீம் கூட்டணியின் எலைட் பிளஸ் வைத்திருப்பவர் ஏர் பிரான்ஸில்.

இன்னொரு வேடிக்கை. ஸ்டார் அலையன்ஸில் எகானமியில் போகும் கோல்டு அட்டைக்காரர் விருந்தாளி அழைத்துப் போகலாம், அட்டை இல்லாத பிசினஸ் டிக்கெட்காரர் அழைத்துப் போக முடியாது. வாசலில் இதை விளக்கி ஜெயித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அமெரிக்காவில் டெல்டா விமானக் கம்பெனி லவுஞ்சுக்கு வரும் கார்டுக்காரர்களைக் குறைத்ததாமே?

குறைத்தார்கள். பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய கதை அது. 2022இல் முதலில், புறப்பாட்டுக்கு 3 மணி நேரத்துக்கு முன்னால் வருபவரை உள்ளே விடுவதில்லை என்றார்கள், விமானம் மாறுபவருக்கு மட்டும் விலக்கு. மேலே சொன்ன கணக்கில் உட்காரும் நேரத்தைக் குறைப்பது அது. போதவில்லை. 2023 செப்டம்பரில் அடுத்த அறிவிப்பு வந்தது: வரம்பில்லாமல் போய் வந்துகொண்டிருந்த அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) பிளாட்டினம் கார்டுக்கு இனி ஆண்டுக்கு 6 தடவை, டெல்டாவும் அமெக்ஸும் சேர்ந்து விற்கும் டெல்டா ரிசர்வ் கார்டுக்கு 10 தடவை. பெரிய கூச்சல் எழுந்தது. தலைமை அதிகாரி எட் பாஸ்டியனே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே 10, 15 என்று ஏற்றினார்கள். 2025 பிப்ரவரி 1இலிருந்து அமல். ஆண்டுக்கு 75,000 டாலர் அந்தக் கார்டில் செலவழித்தால் வரம்பு இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள், ஏற்கெனவே ஆண்டுக் கட்டணம் கட்டியவரின் வயிற்றில் உடனே அடிக்கவில்லை. அப்புறம், 24 மணி நேரத்துக்குள் எத்தனை லவுஞ்சுக்குப் போனாலும் ஒரே தடவை என்று எண்ணுகிறார்கள். இரண்டு விமானம் மாறிப் போகும் ஏழைக்கு (சரி, ஏழை இல்லை) அது நியாயம்.

பிடிக்காதது அந்த 75,000 டாலர். அவ்வளவு செலவழிப்பவர் விமானத்தில் அதிகம் போகிறார் என்று அர்த்தமில்லை, கடையில் அதிகம் வாங்குகிறார் என்றுதான் அர்த்தம்.

இந்திய வங்கிக் கார்டுகளும் இப்படித்தானா?

அதே பாதைதான். ரூபே கார்டில் 2 ரூபாய் பிடித்துக்கொண்டு உள்நாட்டு லவுஞ்சில் வயிறு நிறையச் சாப்பாடு என்ற பொற்காலம் ஒன்று இருந்தது. காலை நேரத்தில் லவுஞ்ச் வரிசை போர்டிங் வரிசையைவிட நீளம். இப்போது முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் என்று பல வங்கிகள் நிபந்தனை போட்டுவிட்டன. ஐசிஐசிஐ 2024 ஏப்ரலில் 35,000 ரூபாய் என்று ஆரம்பித்துப் பிறகு அதையும் ஏற்றியது. சென்னைக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதனால் பாதிப்பில்லை, திரும்பி வரும் சொந்தக்காரர்கள்தான் புலம்புகிறார்கள்.

தனித்தனி லவுஞ்ச் கட்டிவிட்டால் பிரச்சினை தீராதா?

பெரிய ஊரில் தீரும். அமெரிக்காவின் யுனைடெட் விமானக் கம்பெனி 2016 டிசம்பரில் சிகாகோவில் போலாரிஸ் லவுஞ்சைத் திறந்தது. நீண்டதூர பிசினஸ் டிக்கெட் இருந்தால்தான் உள்ளே, தங்க அட்டைக்குக் கதவு திறக்காது. டெல்டாவும் 2024 ஜூனில் நியூயார்க்கில் டெல்டா ஒன் என்ற தன் மேல்வகுப்புப் பயணிகளுக்கென்று தனியாகத் திறந்தது. லுஃப்தான்சா 2004இலேயே ஃபிராங்ஃபர்ட்டில் ஃபர்ஸ்ட் பயணிகளுக்குத் தனி முனையமே கட்டிவிட்டது, அங்கிருந்து காரிலேயே விமானத்துக்கு அழைத்துப் போவார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. "தங்க அட்டைக்கு அந்த அறை, டிக்கெட்டுக்கு இந்த அறை" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இல்லை. ஆனால் பிளெசான்ஸ் மாதிரி ஊருக்கு இது ஒத்துவராது. 2013இல் திறந்த எங்கள் புது முனையம் ஆண்டுக்கு 40 லட்சம் பயணிகளுக்கென்று கட்டியது. இங்கே ஒரு நாளில் சில மணி நேரம்தான் நெருக்கடி. அந்த நேரத்துக்காக இரண்டாவது அறை கட்டினால் மீதி நேரம் முழுக்க அது ஏசி போட்டுக் காலி நாற்காலிகளைக் குளிர வைக்கும். இங்கே தேவை நடமாடும் தடுப்பு. ராத்திரி ஒரு பாதியைக் கயிறு கட்டி டிக்கெட்காரருக்கு ஒதுக்கு, பகலில் கயிற்றை அவிழ்.

அமெதே மேங்கார் என்பது யார்? லவுஞ்ச் பெயர் விசித்திரமாக இருக்கிறதே.

ஏர் மொரீஷியஸை 1967இல் தொடங்கி வைத்தவர். இரண்டாம் உலகப்போரில் பிரான்சுக்குள் பிரிட்டிஷ் ரகசிய உளவாளியாக இருந்தவர், பிறகு இங்கே ஹோட்டல்கள் நடத்தினார். அவர் பெயர் வைத்த அறையில் உட்கார்ந்து காபி குடிப்பவர்களில் பாதிப் பேர் அதை ஏதோ பிரெஞ்சு காபி பிராண்டு என்று நினைக்கிறார்கள்.

நாங்கள் ஒன்பது பேர். அப்பா மட்டும் பிசினஸ். எல்லோரும் உள்ளே போகலாமா?

முடியாது. கேட்டுப் பார்ப்பதும் வேண்டாம், அப்பாவுக்குத்தான் சங்கடம்.

எங்கள் குடும்பங்கள் தனியாகப் பயணம் போவதே இல்லை. பழனிக்கு வேண்டுதல், தங்கை கல்யாணத்துக்குப் புடவை, பாட்டிக்குச் சிகிச்சை, எதுவானாலும் கூட்டம்தான். ஒரு தடவை ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாத்தா வந்தார். பிள்ளைகள் சேர்ந்து அவருக்கு மட்டும் பிசினஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நான் உள்ளே கூப்பிட்டேன். கதவு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லோரும் வெளியே இருக்கும்போது நான் மட்டும் உள்ளே எப்படியம்மா சாப்பிடுவது" என்று திரும்பிப் போய்ப் பேரன் பக்கத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தேன். அவர் பங்குக்கு ஆரஞ்சு ஜூஸ் இரண்டு பாட்டிலை விதியை மீறி வெளியே அனுப்பினேன். இப்போது வேலையில் இல்லை என்பதால் சொல்கிறேன்.

விருந்தாளி விஷயத்தில் என் கட்சி கொஞ்சம் கடுமையானது. நெருக்கடி நேரத்தில் ஒரு விருந்தாளிக்கும் ஒரு பிசினஸ் டிக்கெட்டுக்கும் போட்டி வந்தால் டிக்கெட்தான். ஆனால் கைக்குழந்தையும் சின்னப் பிள்ளையும் விருந்தாளிக் கணக்கில் வரக் கூடாது. தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்து நாற்காலி மிச்சம் பிடிப்பது அசிங்கம். சில கம்பெனிகள் கட்டணம் வைத்துக் கட்டுப்படுத்துகின்றன. அமெக்ஸின் செஞ்சூரியன் லவுஞ்சுகளில் 2023 பிப்ரவரியிலிருந்து பிளாட்டினம் கார்டுக்காரரின் விருந்தாளிக்கு 50 டாலர். அந்த விலையைக் கேட்டாலே பாதி விருந்தாளிகளுக்குப் பசி போய்விடும்.

வாசலில் காசு கட்டிப் போவது லாபமா?

மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு, சாப்பாட்டு நேரம், குளிக்க வேண்டும் என்றால் சரி. ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம்.

பிசினஸ் டிக்கெட்டிலேயே லவுஞ்ச் இல்லாத டிக்கெட் உண்டாமே?

உண்டு. எமிரேட்ஸ் 2019இல் பிசினஸில் "ஸ்பெஷல்" என்று மலிவான கட்டணம் கொண்டு வந்தது. படுக்கை இருக்கை அதேதான், லவுஞ்சும் கார் வசதியும் கிடையாது. கத்தார் ஏர்வேஸும் "லைட்" என்ற பெயரில் அதைச் செய்தது. நம்மவர்கள் இதைக் கேட்டவுடன் ஏமாற்று வேலை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எவ்வளவு நாற்காலி இருக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் வாக்குக் கொடுப்பதற்கு இது ஒரு வழி. வேண்டாதவர் காசு மிச்சம் பிடிக்கட்டும், வேண்டியவர் சேர்த்து வாங்கட்டும். ஒரே நிபந்தனை: வாங்கும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவில் எழுதியிருக்க வேண்டும். பயண முகவர் வழியாக வாங்கியவர்களுக்குத்தான் வாசலில் அதிர்ச்சி. டிக்கெட் எடுக்கும்போதே "இதில் லவுஞ்ச் உண்டா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வயதானவர்களுக்கு எந்த அட்டையும் இல்லை. கால் வலியோடு நாலு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

இது லவுஞ்ச் கேள்வி இல்லை, விமான நிலையக் கேள்வி. வெளியே நல்ல நாற்காலியும் பக்கத்தில் கழிவறையும் இருந்தால் லவுஞ்சுக்கு இத்தனை அடிதடியே இருக்காது. சக்கர நாற்காலி உதவியை டிக்கெட்டோடு சேர்த்து முன்பே பதிவு செய்யுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னால். அது இலவசம். லவுஞ்ச் காலியாக இருக்கும் நேரத்தில் வாசலில் பணிவாகக் கேட்டால் சில பிள்ளைகள் உட்கார வைப்பார்கள். உரிமை இல்லை, மனசுதான். ராத்திரி எட்டு மணிக்குக் கேட்காதீர்கள்.

திருப்பி அனுப்பிவிட்டால் என்ன கேட்கலாம்?

முதலில், உங்களுக்கு வாக்குக் கொடுத்தது யார் என்று பாருங்கள். பொதுப் பாஸ் என்றால் அதன் நிபந்தனையிலேயே இடமில்லை என்றால் மறுக்கலாம் என்று எழுதியிருக்கும், வாதாடிப் பயனில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள், போன் நம்பரோடு. நாற்பது நிமிடத்தில் ஒரு விமானம் போர்டிங் ஆரம்பித்தால் இருபது இடம் காலியாகும். எந்த விமானம் எப்போது போர்டிங் என்று பலகையைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வருவது நல்லது.

பிசினஸ் டிக்கெட் என்றால் லவுஞ்ச் வாசலில் நின்று பேசாதீர்கள். அங்கிருப்பவர் பெரும்பாலும் வேறு கம்பெனியின் சம்பளக்காரர், அவரால் எதுவும் கொடுக்க முடியாது. உங்கள் விமானக் கம்பெனியின் மேசைக்குப் போங்கள். இரண்டு கேளுங்கள்: வேறு லவுஞ்சில் ஏற்பாடு உண்டா, இல்லையென்றால் சாப்பாட்டுக் கூப்பன் உண்டா. இரண்டும் இல்லை என்றால், எத்தனை மணிக்கு வந்தீர்கள், யார் என்ன காரணம் சொன்னார் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, முடிந்தால் வாசல் பலகையை ஒரு படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தபின் கம்பெனிக்கு எழுதுங்கள். நேரமும் படமும் சேர்த்து எழுதியவர்களுக்கு மைல்களாவது வந்திருக்கின்றன. கோபத்தை மட்டும் எழுதியவர்களுக்கு மன்னிப்புக் கடிதம்தான் வந்தது. அந்தக் கடிதங்களில் சிலவற்றைத் தட்டச்சு செய்ததே நான்தான்.